மன்ஹோவுக்குக் கிடைத்த வேலை

சொல்போ,
மார்ச் 4

தம்பி ஜின்மோவுக்கு, அக்கா ஹியாங்மி எழுதுவது.

இங்கே இருவரும் சௌக்கியம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? வெயில் வந்துவிட்டதென்று அதற்குள் கம்பளி உள்சட்டையைக் கழற்றி எறிந்திருப்பாய். மறுபடி எடுத்துப் போடு. கடற்காற்றுக்கு வசந்தமும் தெரியாது, வாலிபமும் தெரியாது.

நேற்று நீ கைப்பேசியில் கூப்பிட்டபோது "சரி, சரி" என்று சொன்னேனே, அதை நம்பாதே. ஒன்றுமே கேட்கவில்லை. நிலக்கரி அரைக்கும் தளத்தில் பதினொரு வருடம் துடைப்பம் பிடித்த காது இது. கருவி மாட்டிக்கொண்டால் உன் குரல் பானைக்குள் விழுந்த வண்டு மாதிரி இருக்கிறது. குறுஞ்செய்தியில் நாலு வார்த்தைக்கு மேல் எனக்கு வராது. நீ ராணுவத்தில் இருந்தபோது எழுதினோமே, அதுபோல இனிக் கடிதமே எழுதுவோம்.

விஷயம் இதுதான். மின்நிலையத்தின் ஒன்றாம், இரண்டாம் அலகுகளை டிசம்பரோடு மூடுகிறார்களாம். நான் சமைக்கும் கேண்டீன் சுவரிலேயே அறிவிப்பை ஒட்டினார்கள். நேரடி ஊழியர்களுக்கு வேறு ஊர் மாற்றல் உண்டு. ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. உன் அத்தான் கரி கொண்டுபோகும் பட்டை ஓடும் பாதையில் இருபத்தேழு வருடம் நின்றவர். அறிவிப்பைப் படித்தார், தட்டை எடுத்துவந்தார், இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். "குழம்பு நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததிலிருந்து ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருக்கிறது.

புத்தாண்டுக்கு வந்தபோது உங்கள் காற்றாலைக் கோபுர ஆலையைப் பற்றிப் பெரிதாகச் சொன்னாயே, கரி வேலை பார்த்தவர்களுக்கு அங்கே முதலிடம் என்று? சின்ன வயதில் நீ சொன்னதில் பாதி புளுகு. இது எந்தப் பாதி என்று எழுது.

அக்கா

●

மொக்போவுக்குத் தெற்கே,
மார்ச் 12

அன்பு அக்காவுக்கு வணக்கம்.

முட்டி பரவாயில்லை. உள்சட்டையை மறுபடி போட்டுக்கொண்டேன். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்.

புளுகு இல்லை அக்கா. கொஞ்சம் பொறுமையாகப் படி. ஆறு வருடத்துக்கு முன் கப்பல் கட்டும் தளத்தை மூடியபோது இந்த ஊரில் நாய்கூடக் குரைக்கவில்லை. இப்போது எங்கள் ஆலையில் முந்நூற்று நாற்பது பேர் இருக்கிறோம். எஃகுத் தகட்டை உருட்ட, பற்றவைக்க, வண்ணம் அடிக்க, கடலுக்குக் கொண்டுபோக என்று தனித்தனி ஆள். உருட்டி முடித்த ஒரு துண்டுக்குள் பேருந்தே நுழையும். கடலில் ஐம்பது கோபுரம் நிற்க வேண்டுமென்றால், அதற்குக் கம்பிவடம் போட ஆள், படகோட்ட ஆள், நின்ற பிறகு இருபத்தைந்து வருடம் பழுது பார்க்க ஆள். ஆலை வாசலில் டோஃபு குழம்புக் கடை வைத்திருக்கும் மாதாமுவை உனக்குத் தெரியாது. கடையை விற்கவே ஆளில்லாமல் அழுதவள், இப்போது மூன்று பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறாள். "காத்துல காசு வரும்னு எங்கம்மா சொல்லவே இல்லையே!" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள்.

ஜூனில் புதுப் பயிற்சிக் குழு தொடங்குகிறது. முப்பது இடம். மூடப்போகும் மின்நிலையங்களிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் முதல் உரிமை. பயிற்சி மேற்பார்வையாளன் நானேதான். ஐம்பத்து நாலு வயது ஒரு தடையில்லை. பட்டை, போல்ட், உயரம் மூன்றும் அத்தானுக்குப் பழகியவை. எங்களிடம் வருகிற பாதிப் பையன்களுக்கு ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது.

மருத்துவப் பரிசோதனை ஒன்று உண்டு. அது சும்மா ஒரு சடங்கு. அத்தானின் உடம்பு எப்படி இருக்கிறது?

மே கடைசியில் அனுப்பிவை. மூன்று மாத ஒப்பந்தம் இல்லை அக்கா, நேரடி வேலை. மேலங்கியில் அவர் பெயரைத் தைத்துத் தருவார்கள்.

தம்பி ஜின்மோ

●

சொல்போ,
ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலமே. பதில் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை உன் அத்தானிடமே கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மூன்று தரம் படித்தார். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து, எனக்கு உதடு புரியும்படி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"பேரு தைப்பாங்களாமே?"

"ஆமா, எழுதியிருக்கானே."

"இருபத்தேழு வருஷம் 'ஏய், கன்வேயரு'ன்னுதான் கூப்பிட்டானுங்க. இனிமே 'மன்ஹோ அண்ணே'ன்னு கூப்பிடுவானுங்க, பாத்துக்க!"

"கூப்பிடாட்டி?"

"நெஞ்சை நிமித்திக் காட்டுவேன். படிக்கத் தெரியாதா அவனுங்களுக்கு?"

இப்படி அவர் சிரித்து நான் பார்த்துப் பல காலம் ஆகிறது. சிகரெட்டை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் பின்னால் உள்ள குன்றில் ஏறுகிறார், உயரம் பழகுவதற்காக. பாதியில் உட்கார்ந்துவிட்டு, உச்சிவரை போனேன் என்கிறார். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கேண்டீனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் புருஷனுக்குக் காற்றாலை வேலை என்று. சொல்லச் சொல்ல எனக்கே நிஜமாகத் தோன்றுகிறது.

உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். வயதுக்கு ஏற்றபடி இருக்கிறார்.

ஒன்று மட்டும். முடிந்தால் அவரை மேலே ஏற்றாதே. கீழேயே ஏதாவது கொடு. நான் சொன்னதாகச் சொல்லாதே.

மே 25 காலைப் பேருந்தில் அனுப்புகிறேன்.

அக்கா

●

மொக்போவுக்குத் தெற்கே,
ஜூன் 16

அன்பு அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அத்தான் வந்து சேர்ந்தார். பயிற்சி தொடங்கிவிட்டது. எனக்கு வேலை அதிகம், முன்போல நீளமாக எழுத முடியவில்லை.

தங்கும் விடுதியில் இடம் போதவில்லை. அதனால் என் அறையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். முகம் காட்டிப் பேசச் சொல்லி அவரை வற்புறுத்தாதே. ஆலைக்குள் கேமரா கூடாது என்பது கண்டிப்பான விதி. மாலையில் வந்தால் அசந்து தூங்கிவிடுகிறார். குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மழைக்காலம் தொடங்கிவிட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜின்மோ

●

சொல்போ,
ஜூலை 21

தம்பிக்கு,

மழை நிற்கவில்லை. வீட்டுச் சுவரெல்லாம் பூசணம். மற்றபடி நலம்.

பொட்டலம் கிடைத்ததா? மிளகாய் விழுது பெரிய டப்பாவில் இருக்கிறது, வறுத்த நெத்திலி சின்ன டப்பாவில். நெத்திலியில் இந்த முறை சர்க்கரைப் பாகு அதிகம் விட்டிருக்கிறேன். அவருக்கு மெல்லுவது கஷ்டமாக இருந்தால் சோற்றோடு பிசைந்து கொடு.

உன் அத்தான் படம் அனுப்பினார். ஆலை வாசலில் தலைக்கவசமும் மேலங்கியும் போட்டு நிற்கிறார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மேடைப் பாட்டுக்காரன் மாதிரி. கேண்டீனில் எல்லோருக்கும் காட்டினேன். "உங்க வீட்டுக்காரர் பத்து வயசு கொறஞ்சுட்டாரே!" என்றாள் பாத்திரம் கழுவும் பெண். ஆமாம் என்றேன். எனக்கு அந்த மேலங்கியின் தோள்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் தொங்குகிறது. அடுத்த முறை ஒரு அளவு சிறியதாக வாங்கிக் கொடு.

இங்கே ஆட்களைக் குறைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒன்றாம் அலகு வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. அது ஓடாத நாட்களில் ஊரே ஒரு பக்கமாகச் சாய்ந்தது போலிருக்கிறது. எட்டுச் சமையற்காரிகளில் நான்கு பேர் மிச்சம். அவர்களில் நானும் ஒருத்தி.

இன்னொன்று. படுக்கும்போது அவருக்கு இரண்டு தலையணை வை. ஏனென்று கேட்காதே, அவர் பழக்கம் அது. தரையில் படுக்கவிடாதே.

நீ இப்போதெல்லாம் குட்டிக் குட்டியாக எழுதுகிறாய். வேலைதான் காரணமென்றால் சந்தோஷம்.

அக்கா

●

மொக்போவுக்குத் தெற்கே,
செப்டம்பர் 12

அக்காவுக்கு,

ஏழு வாரம் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. முட்டி மறுபடி வீங்கிவிட்டது என்று ஒரு காரணம் சொல்லலாம். பொய்யில்லை, வீங்கத்தான் செய்தது.

பொட்டலம் வந்தது. நெத்திலியை அத்தான் எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை. இரண்டு தலையணை வைத்துவிட்டேன். இப்போது மூன்று வைக்கிறேன்.

போன வாரம் முதல் கோபுரத்தைக் கடலுக்கு அனுப்பினோம். நான்கு மணி நேரம் ஆயிற்று, துறையிலிருந்து மிதவைக்கு ஏற்ற. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்திருந்தார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, இந்த ஒரு தொழில் நம் பகுதியில் எத்தனை குடும்பத்துக்குச் சோறு போடுகிறது என்று ஒலிபெருக்கியில் பேசினார். நானும் கைதட்டினேன். அவர் சொன்ன எண்ணிக்கை சரியானதுதான் அக்கா. அந்தக் குடும்பங்களை எனக்குத் தெரியும். என்னிடம் பயின்றவர்கள்தான் அதில் பாதி.

அத்தான் துறையின் ஓரத்தில் நின்றார். மிதவை நகர்ந்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மாப்ளே, எவ்ளோ உசரம் இது?"

"மூணு துண்டும் சேந்தா நூறு மீட்டருக்கு மேல."

"புகையே வராதா?"

"எங்கேருந்து வரும்?"

"அப்ப அடியில நின்னா துணி கருக்காது. ஒங்கக்காவுக்குச் சொல்லணும்" என்றார்.

அதனால் சொல்கிறேன்.

சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு அவரால் வர முடியாது. பணி முறை அப்படி விழுந்துவிட்டது. நீ மட்டும் தனியாகப் படையல் வைக்க வேண்டியிருக்கும். என்மீது கோபித்துக்கொள், அவர்மீது வேண்டாம்.

ஜின்மோ

●

சொல்போ,
அக்டோபர் 9

தம்பிக்கு,

பண்டிகை முடிந்தது. மாமனார், மாமியார் படத்துக்கு முன் நான் ஒருத்தியே படையல் வைத்தேன். சாராயம் ஊற்றுவது ஆண்பிள்ளை வேலை என்பார்கள். நானே ஊற்றிவிட்டு, "ஒங்க புள்ளை டூட்டியில இருக்காரு" என்று சத்தமாகச் சொன்னேன். அவர்களுக்குக் கேட்டிருக்கும். எனக்குத்தான் கேட்கவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் பேருந்து நிலையம்வரை போய்விட்டேன். அரிசிக் கொழுக்கட்டை ஒரு அடுக்கு, அவருடைய குளிர்காலத் துணி, எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு. சீட்டுக் கொடுக்கும் இடத்தில் நிற்கும்போது அவரிடமிருந்து செய்தி வந்தது. "வராதே. ஜின்மோ ரூம்ல ஆம்பளைங்க நாலு பேர் இருக்கோம். படுக்க இடமில்ல. நல்லாத்தான் இருக்கேன்." அப்படியே நின்றேன். பின்னாலிருந்தவர் தோளைத் தட்டி நகரச் சொன்னார். நகர்ந்தேன், வெளியே.

உன் அறையில் எத்தனை பேர் படுக்கலாம் என்று எனக்குத் தெரியும். அந்த அறைக்குத் தரைவிரிப்பு வாங்கிக் கொடுத்தவள் நான்.

நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. நீயும் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. அவர் சிரிக்கிறாரா? அதற்கு மட்டும் பதில் எழுது. வேறெதுவும் எழுதாதே.

அக்கா

●

மொக்போவுக்குத் தெற்கே,
அக்டோபர் 17

அக்காவுக்கு,

சிரிக்கிறார்.

நேற்று மாதாமுக் கடையில் ஒரு பொடியன், என் குழுவில் புதிதாகச் சேர்ந்தவன், சாப்பிட்டுக்கொண்டே அத்தானிடம் பெருமையடித்தான். "அண்ணே, நான் இன்னைக்கு எண்பது மீட்டர் ஏறிட்டேன்!"

அத்தான் அவன் கிண்ணத்தில் இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றிவிட்டுச் சொன்னார்: "நான் ஒங்க மேஸ்திரியோட அக்காவைக் கட்டி முப்பது வருஷம் ஆச்சுடா. ஒசரத்தைப் பத்தி என்கிட்டப் பேசாத."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்து முடிக்க நேரம் ஆயிற்று.

ஜின்மோ

●

மொக்போவுக்குத் தெற்கே,
டிசம்பர் 29

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா, தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நேற்று கோவிலில் அத்தானின் நாற்பத்தொன்பதாம் நாள் பூசையில் நீ எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாய். இரண்டு மணி நேரமும் என் பக்கம் திரும்பவில்லை. சாவு வீட்டிலும் அப்படித்தான். வாயால் சொல்லியிருந்தாலும் உனக்குக் கேட்டிருக்காது. எழுதிவிடுகிறேன்.

ஜூன் மூன்றாம் தேதி மருத்துவப் பரிசோதனை. மருத்துவர் என்னை உள்ளே கூப்பிட்டு அத்தானின் நெஞ்சுப் படத்தை விளக்கில் மாட்டினார். "இவரு ஏணி ஏற வேணாம், மாடிப்படியே ஏறக்கூடாது. எத்தனை வருஷமா கரித்தூசியில இருந்தாரு?" என்றார். நுரையீரல் இரண்டும் கீழேயிருந்து இறுகிக்கொண்டு வந்திருந்தன. முப்பது பேரில் மூன்று பேர் தள்ளுபடி. பயிற்சி மேற்பார்வையாளன் என்ற முறையில் அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவன் நான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவருக்கு.

"ஒங்கக்காகிட்டச் சொல்லிடாத மாப்ளே."

"எப்படி அத்தான் சொல்லாம இருக்கறது? அவ என்னைக் கொன்னுடுவா."

"அவ ஊரெல்லாம் சொல்லிட்டா. நான் தோத்துட்டுப் போய் நின்னா அந்தக் கேண்டீன்ல எப்படித் தலை நிமிந்து நிப்பா? இங்கயே இருக்கேன். ஏதாவது செஞ்சுக்கிட்டு இருக்கேன். ஒனக்குப் பாரமா இருக்க மாட்டேன்."

அவரை என் அறைக்குக் கூட்டிவந்தேன்.

மாதாமுவிடம் சொல்லிவைத்தேன். மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளை மூன்று சக்கர மின்வண்டியில் வைத்து, ஆலைக்குள் ஒவ்வொரு கொட்டகையாகக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதுதான் அவர் செய்த வேலை. அக்டோபர் கடைசி வாரம்வரை ஒருநாள்கூட விடவில்லை. பெட்டியைத் தூக்கிக் கொடுக்க முடியாமல் போனபோது பையன்களே வண்டிக்கு வந்து எடுத்துக்கொண்டார்கள். உனக்கு அனுப்பிய படம் வாசலில் எடுத்தது. கவசமும் மேலங்கியும் இரவல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு படிவம் போயிற்று. நிலக்கரித் துறையிலிருந்து வந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தொழிலால் வேலை கிடைத்தது என்று ஒரு கட்டம். சாப்பாட்டுக் கடை, தங்குமிடம் எல்லாமே கணக்கில் வரும். அதை நிரப்பியவன் நான். அத்தானையும் சேர்த்தேன். துறையில் ஒலிபெருக்கியில் சொன்ன எண்ணிக்கையில் அவரும் ஒருவர். நான் கைதட்டினேன் என்று உனக்கு எழுதினேனே, அவர் பக்கத்தில் நின்றுகொண்டுதான் தட்டினேன்.

மருத்துவமனையில் சேர்த்த பிறகும் உன்னைக் கூப்பிட விடவில்லை. நவம்பர் ஆறாம் தேதி நானே மீறிச் செய்தி அனுப்பினேன். நீ வந்தபோது வாயில் குழாய் வைத்துவிட்டிருந்தார்கள். ஒரு நாள் முன்னால் அனுப்பியிருந்தால் அவர் உதடு அசைவதையாவது நீ பார்த்திருப்பாய். அந்த ஒரு நாளை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஜின்மோ

●

சொல்போ,
பிப்ரவரி 21

தம்பி ஜின்மோவுக்கு, அக்கா எழுதுவது.

உயிரோடு இருக்கிறேன். சாப்பிடுகிறேன். உன் முட்டிக்கு இந்தக் குளிரில் சூட்டுப் பை வை.

இரண்டு மாதமாக இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். நீ உன் பங்கைச் சொல்லிவிட்டாய். என் பங்கு இருக்கிறது.

எனக்குத் தெரியும், ஜின்மோ. எல்லாம் முன்பே தெரியும்.

அவர் இருமுவது எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு இருமுவார். காது கேட்காதவளுக்குப் படுக்கை அதிர்வது தெரியாதா? அவர் அங்கே வருவதற்கு முந்தின வருடம் நவம்பரிலேயே தூசித் தொழிலாளர் பரிசோதனை முடிவு தபாலில் வந்தது. வீட்டில் தபால் பிரிப்பவள் நான். அதை எடுத்துக்கொண்டு, அவர் வேலைக்குப் போன பிறகு, தனியாக நகரத்து மருத்துவரிடம் போனேன். எனக்குக் கேட்காது, எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் ஒரு துண்டுத் தாளில் எழுதினார்: "மருந்து இல்லை. ஒரு வருடம். கூடவே இருங்கள்."

கூடவே இருங்கள் என்று எழுதியிருந்தார். நான் அவரைப் பேருந்து ஏற்றி அனுப்பினேன்.

ஏன் என்று கேட்பாய். என் வாயால் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. உங்கள் பரிசோதனையில் எப்படியும் தெரிந்துவிடும், யாரோ ஒரு மருத்துவர் சொல்லிவிடுவார், ஒரு வாரத்தில் திரும்பி வருவார், அப்போது இருவருமாக அழுதுகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். ஜூன் முதல் வாரம் முழுக்க இருவருக்குச் சோறு வைத்தேன். மாலைப் பேருந்து நேரத்துக்குக் கதவைத் திறந்துவைத்தேன்.

வந்தது படம்தான். தலைக்கவசத்தின் பக்கவாட்டில் ரத்தப் பிரிவு ஒட்டுவார்கள், எந்த ஆலையானாலும். அதில் பி என்றிருந்தது. அவர் ஓ. நெஞ்சில் தைத்திருக்கும் பெயரை மறைக்கக் கையை வைத்தவருக்குக் கவசம் நினைவுக்கு வரவில்லை. இரவல் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். தன் நோய் அவருக்குத் தெரிந்துவிட்டது என்றும் தெரிந்துகொண்டேன்.

அப்போதே ஓடி வந்திருக்க வேண்டும். ஆனால் யோசித்தேன். காலையில் எழுந்து போவதற்கு அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. என்னிடம் சொல்லிக்கொள்ள ஒரு வேலை இருக்கிறது. நான் போய் "எனக்குத் தெரியும்" என்றால் அந்த வேலையும் போய்விடும். இரண்டாவது தடவையாக அவர் வேலையைப் பிடுங்குபவள் நானாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். பேருந்து நிலையத்திலிருந்து திரும்பியதும் அதனால்தான்.

அவர் எனக்காக மறைத்தார். நான் அவருக்காக மறைத்தேன். நீ நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் தலையணை வைத்தாய். ஐந்து மாதம் பன்னிரண்டு நாள். என் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய நாட்கள் அவை. நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்கிறோம் என்று நினைத்து அவற்றைத் தொலைத்துவிட்டோம்.

உன்னை மன்னிக்க ஒன்றுமில்லை. கோவிலில் நான் திரும்பாதது உன்மீது கோபத்தால் இல்லை. உன் முகத்தைப் பார்த்தால் இதைச் சொல்லிவிடுவேன் என்ற பயம்.

கையெழுத்தைப் பற்றி வருந்தாதே. மேலே ஏறியிருந்தால் முதல் நாளே விழுந்திருப்பார். படிவத்தையும் திருத்தாதே. பெட்டி தூக்கினாரே, அது வேலை இல்லையா? ஆனால் அடுத்த முறை யாராவது எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்டால், கிடைக்கும் முன்பே மூச்சு தீர்ந்துபோனவர்கள் எத்தனை பேர் என்றும் ஒரு கட்டம் போடச் சொல். அதில் முதலில் அவர் பெயரை எழுது. பியோ மன்ஹோ. முழுப் பெயராக.

அங்கே வரச் சொல்லி அழைப்பாய் என்று தெரியும். மாதாமுக் கடையில் எனக்கும் இடம் இருக்கும். இப்போது வேண்டாம். இங்கே இரண்டு அலகும் நின்றுவிட்டன. கொடியில் போட்ட துணி சாயங்காலம் வெள்ளையாகவே இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த ஐந்து மாதத்தை எனக்கு எழுது. நான் சந்தோஷப்படுவேன் என்று நல்லதை மட்டும் பொறுக்காதே. என்ன பேசினார், எந்தப் படியில் மூச்சு வாங்க நின்றார், எந்தப் பையன் வண்டியைத் தள்ளிக் கொடுத்தான், என்னைத் திட்டினாரா, வலித்தபோது யாரைக் கூப்பிட்டார் என்று, நடந்தபடியே எழுது. ஒரு நாளைக்கு ஒரு தாள் போதும்.

மே 25 மாலையிலிருந்து தொடங்கு. பேருந்திலிருந்து இறங்கினார். அப்புறம்?

அக்கா